பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு எம்.டெக்: முதலில் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானியாக வேண்டும், எந்தக் கல்லூரியில் எம்.டெக் சேரலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே எந்த ஆய்வகத்துக்குப் போக ஆசை? ஆவடி சி.வி.ஆர்.டி.இ.யில் டாங்கி, பெங்களூரு ஜி.டி.ஆர்.இ.யில் விமான என்ஜின், புனே எச்.இ.எம்.ஆர்.எல்.லில் வெடிபொருள். ஒன்றுக்குப் படித்த படிப்பு மற்றொன்றுக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது.

எனக்கு மிகவும் பிடித்த கொச்சி என்.பி.ஓ.எல்.லையே எடுத்துக்கொள்வோம். நீர்மூழ்கிக் கப்பலை ஒலியால் கண்டுபிடிக்கும் சோனார் கருவிகள் அங்கே உருவாகின்றன. ரேடார் அலை கடல்நீருக்குள் உடனே மங்கிவிடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் வெகுதூரம் போகும், ஆனால் நேராகப் போகாது. வெயிலில் மேல்நீர் சூடேறினால் ஒலி கீழ்நோக்கி வளைகிறது. காலையில் சோனாரில் சிக்கிய கப்பல் பிற்பகலில் சிக்காமல் போகலாம். நினைத்துப் பார்க்கவே எனக்குச் சிலிர்க்கிறது! இந்தக் கருவிகளைச் சோதிக்க இடுக்கி நீர்த்தேக்கத்தில், குளமாவில், 2024-இல் ஒரு மிதவைத் தளம் திறந்தார்கள். கருவி பொருத்திய மேடையை அதிலிருந்து 100 மீட்டர் ஆழம் வரை இறக்கலாம்.

இதில் ஆசை வந்துவிட்டதென்றால், வேண்டியது சிக்னல் பிராசஸிங் (இரைச்சலிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் கலை), ஒலியியல், கொஞ்சம் கடலியல். ஐ.ஐ.டி. டெல்லியின் 'கேர்' மையத்தில் நீரடி ஒலியியல் ஆராய்ச்சி பல காலமாக நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யும் டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில்நுட்ப எம்.டெக்கின் ஆறு பிரிவுகளில் கடற்படைத் தொழில்நுட்பமும் ஒன்று. நல்ல முயற்சிதான். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். பாடம் நடத்துவது யார், ஆய்வுக்கூடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. டி.ஆர்.டி.ஓ.வின் தொடக்கநிலை விஞ்ஞானிப் பணியான விஞ்ஞானி 'பி'-க்கு பி.இ. முதல் வகுப்பும் கேட் தேர்வு மதிப்பெண்ணும் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். எனவே வேலைக்கான டிக்கெட்டாக எம்.டெக்கை நினைத்து இரண்டு ஆண்டுகளைச் செலவிடாதீர்கள். ஒரு சிக்கலுக்குள் ஆழமாக இறங்கத்தான் அது.

சேரும் முன் வழிகாட்டியாக வரக்கூடிய பேராசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்: டி.ஆர்.டி.ஓ. நிதியில் திட்டம் ஏதும் நடக்கிறதா? இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டை நான் போக விரும்பும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்திலேயே செய்ய முடியுமா? அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள்.