சில்லறை பாக்கி

(தருமபுரியில் வாசகர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது ரொம்பவே தூக்கிவிட்டார். நான் பேச்சாளன் இல்லை. 'ரைட்', 'ஓல்டான்' இரண்டையும்தான் சத்தமாகச் சொல்லிப் பழக்கம். நடுவில் தடுமாறினால் யாராவது விசில் அடியுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

முன்பின் தெரியாதவருக்குச் செய்கிற சின்ன உதவி எப்படித் திரும்பி வருகிறது என்று பேசச் சொன்னார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று கொடுத்தால் பத்தாகத் திரும்பும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஏலச்சீட்டு நடத்திவிட்டு ஓடிப்போனவர்களும் அதைத்தான் சொன்னார்கள். திரும்பி வருகிறது, அது உண்மைதான். ஆனால் கொடுத்தவர் வீட்டு விலாசத்தைத் தேடிக்கொண்டு வருவதில்லை.

2018 ஜனவரியில் பஸ் கட்டணம் உயர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 19-ஆம் தேதி அறிவிப்பு, மறுநாள் காலையிலேயே புதுக் கட்டணம். அப்போது நான் கிருஷ்ணகிரி - தருமபுரி வண்டியில் இருந்தேன். பேப்பர் படிக்காதவர்கள், டிவி பார்க்காதவர்கள் எல்லாம் பழைய கட்டணத்தை எண்ணிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். காவேரிப்பட்டினத்தில் ஒரு அம்மா ஏறினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த நோட்டையும் இரண்டு நாணயத்தையும் கொடுத்தார். போதவில்லை. சொன்னேன். மறுபடியும் முடிச்சைத் தடவிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்தே தடவுகிற கை, பார்த்தால் தெரியும்.

கண்டக்டர் விட்டுக்கொடுக்கலாமே என்பீர்கள். முடியாது. டிக்கெட் இல்லாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது செக்கிங் ஏறினால் எனக்கு மெமோ. பையில் இருக்கும் காசும் என் காசு இல்லை. என் சட்டைப் பையிலிருந்து போடலாம், போட்டும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஏறியவர்களில் பாதிப் பேருக்குப் பற்றாக்குறை.

பின் சீட்டில் காதில் வயரை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், "அண்ணா, பாக்கிய என்கிட்ட எடுத்துக்கங்க" என்றான். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "எந்த ஊரு சாமி நீ? சந்தைக்கு வரும்போது குடுத்துடறேன்" என்றார். அவன் சிரித்துவிட்டு மறுபடி வயரை மாட்டிக்கொண்டான். காரிமங்கலத்தில் இறங்கியும் போய்விட்டான்.

அப்புறம்தான் நான் கவனித்தது. அந்த அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்க்கிறார், பையன் இருந்த சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். அதே காரிமங்கலத்தில் கைக்குழந்தையும் கட்டைப் பையுமாக ஒரு பெண் ஏறினார். உட்கார இடமில்லை. ஏறி இரண்டு நிமிஷம் இருக்காது, குழந்தை அந்த அம்மா மடியில் இருந்தது. பை அவர் காலடியில் இருந்தது. குழந்தை முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்புகிறது, அவர் பேசாமல் விட்டுவிட்டார். முகத்தில் பழைய தவிப்பு இல்லை. பையனிடம் பட்ட கடனைக் குழந்தைக்காரியிடம் தீர்த்தாயிற்று. அந்தப் பையனுக்கு இது தெரியாது. நாளைக்கு அவன் அம்மா கூட்டமான வண்டியில் ஏறினால், மடியில் பையை வாங்கிக்கொள்கிறவர் யாருக்குப் பட்ட கடனைத் தீர்க்கிறாரோ!

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. பழைய வண்டிப்பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். ஏறக்குறைய தோள் உயரம். தலைச்சுமையைத் தனியாக இறக்க முடியாது, இறக்கினால் தனியாகத் தூக்கி வைக்க முடியாது. அந்தக் கல் இருந்தால் இன்னொருவர் கை தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டது அது. அவள் இறக்காமல் போன சுமைக்காக, வழியில் போகிற யாரோ இறக்கி வைக்கட்டும் என்று.

சரி, நம் ஊரில் ஏன் இது கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது? எனக்குத் தோன்றுகிற காரணம் மழை. மானாவாரி பூமி. சாமை, ராகி, நிலக்கடலை எல்லாம் வானத்தை நம்பித்தான். மழை ஏமாற்றினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். அந்த பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். பென்னாகரம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் சென்ட்ரிங் வேலையிலோ கட்டட வேலையிலோ இருப்பார். அதாவது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை வேறு எங்கோ முன்பின் தெரியாதவனாக நிற்கிறான். 2020-இல் ஊரடங்கின்போது இதே நான்குவழிச் சாலையில் வடநாட்டுப் பிள்ளைகள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த ஒரு அக்காவிடம், இந்தி தெரியுமா என்று கேட்டேன். "எம் பையன் பெங்களூருல மாட்டிக்கிட்டு இருக்கான், அவனுக்குக் கன்னடமா தெரியும்?" என்றார். இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

தகடூர் என்று பழைய பேர் கொண்ட இந்தத் தருமபுரியில் பேச வந்துவிட்டு அதியமானைச் சொல்லாமல் போனால் என்னை விட மாட்டீர்கள். நெல்லிக்கனி எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வந்தார். அதியமான் நேரில் பார்க்காமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசை அனுப்பிவிட்டான். புலவருக்குக் கோபம். என்னைப் பார்க்காமல் தந்த பொருளை வாங்கிப் போக நான் 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்றார். மனசு வைத்துக் கொடுத்தால் 'தினை அனைத்தாயினும் இனிது' என்றார். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. பசியோடு வந்த ஆள், அரசன் கொடுத்ததைத் திருப்புகிறார் பாருங்கள். கொடுக்கிறவன் முகம் பார்க்காவிட்டால் அது வியாபாரமாகிவிடுகிறது என்பது அவர் கட்சி.

எனக்கு அவரிடம் ஒரு சின்னச் சண்டை உண்டு. முகமே பார்க்காமல் கொடுத்தும் வியாபாரம் ஆகாத ஒன்று இருக்கிறது. ரத்தம்.

எங்கள் டெப்போவில் முகாம் நடக்கும். ஒரு தடவைக்கு 350 மில்லி. அதை அப்படியே ஏற்றுவதில்லை. சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணு ஐந்தாறு வாரம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருஷம். உங்கள் கையிலிருந்து போனது பிரசவத்தில் இருக்கிற ஒருத்திக்கும், டெங்குவில் கிடக்கிற ஒரு பையனுக்கும், தீக்காயத்தில் இருக்கிற ஒருவருக்குமாகப் பிரிந்து போகலாம். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் இதுவும் விலைக்கு விற்றது. ஆஸ்பத்திரி வாசலில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நிற்பார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒழிக்கச் சொன்னது. 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. காசுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு, ஏழை பிழைத்துப் போகட்டுமே என்று அப்போது நானும் என் சகாக்களும் டீக்கடையில் வாதாடியிருக்கிறோம். முகாமில் கொடுக்கிற படிவத்தைப் படித்துப் பார்த்தால் விஷயம் புரியும். மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்திக்கொண்டீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேள்வி. காசு தேவைப்படுகிற மனுஷன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் எழுதுவான். உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கூலி போச்சு. சும்மா கொடுக்க வந்தவனுக்குப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பரிசோதனை இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் கிருமி உடம்பில் புகுந்த முதல் சில நாள் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது. அந்த இடைவெளியைக் கொடுப்பவரின் நாணயம்தான் அடைக்க வேண்டும். இனாமாக வந்ததால்தான் அந்தப் பையில் இருப்பது நம்பத் தகுந்ததாகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஏற்றும்போது, உங்களுக்குத் திரும்பி வருவது அந்த நம்பிக்கை.

தொப்பூர் மலைச்சாலையைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள். சேலம் போகிற திசையில் அது நீளமான இறக்கம். பாரம் ஏற்றின லாரியை டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல், இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை கோரம் பார்த்திருக்கிறோம். இந்த இடத்தில், நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன ஒருவர் பிற்பாடு என் மகனைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை சொன்னால் கைதட்டல் விழும். அப்படி எதுவும் நடக்கவில்லை. தூக்கிப் போனவர்களில் ஒருவரைக்கூட மறுபடி நான் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் வண்டியை நிறுத்தப் பயம். ஸ்டேஷன், கோர்ட், சாட்சி என்று அலைய வேண்டி வரும். இப்போது சட்டம் மாறிவிட்டது, பலருக்குத் தெரியவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல்வது அவர் விருப்பம். 2021 டிசம்பரிலிருந்து, தமிழ்நாட்டில் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், இதற்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. அரியானா லாரி டிரைவரும் இதில் அடக்கம். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

அந்தம்மா கை தூக்குகிறார். கேளுங்கம்மா. ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது என்கிறார். நியாயமான கேள்வி. பஸ் ஸ்டாண்டில் 'பர்ஸ் தொலைஞ்சிடுச்சு, ஊருக்குப் போகக் காசில்லை' என்று நிற்கிறவர்களில் சிலருக்குத் தினமும் பர்ஸ் தொலையும். ஒருத்தருக்கு நானே இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன். இரண்டாவது தடவை ஊர் மட்டும் மாறியிருந்தது. என் வழி இதுதான்: கையில் காசு தருவதில்லை. "எந்த ஊருங்க? வாங்க, கண்டக்டர்கிட்ட சொல்லி டிக்கெட் எடுத்து ஏத்தி விடறேன்" என்பேன். நிஜமாகவே போக வேண்டியவர் வண்டி பக்கம் நடப்பார். மற்றவர் 'இதோ வந்துடறேன்' என்று கழிப்பறைப் பக்கம் போவார், வர மாட்டார். பசி என்றால் டீயும் பன்னும். சாப்பிட்டுவிட்டு ஏமாற்றினால்தான் என்ன, சாப்பிட்டது நிஜம்தானே?

பென்னாகரம் போகிறவர்கள் எழுந்திருக்கலாம், கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. சில்லறையாக எடுத்துக்கொண்டு போங்கள், கண்டக்டர் பாவம்.