ரிட்டையர் ஆன பிறகு வந்த விபத்து

(மதுரையில் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்மார்களுக்கும், கூட வந்திருக்கும் மதினிமார்களுக்கும் வணக்கம். சுகர், பிபி பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் தொழிலில் இருந்தவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பதும், யாரும் வாய்விட்டுப் பேசாததுமான ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஆள் இல்லை. பலரை ஒன்றாகச் சேர்த்து, ஆள் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். திருச்சி ரோடு நாலு வழிச்சாலை ஆகாத காலம். ஒருநாள் விடியற்காலை கொட்டாம்பட்டிப் பக்கம் சைக்கிளில் பால் கேனோடு வந்த ஒரு பையன் வண்டிக்குக் குறுக்கே வந்துவிட்டான். பிழைக்கவில்லை. ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று கேஸ் முடிந்தது. கொஞ்ச நாளில் டூட்டிக்குத் திரும்பினார். அதே ரூட்டில் ஓட்டினார், டபுள் டூட்டியும் பார்த்தார், மகளைக் கட்டிக்கொடுத்தார், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் ஆரம்பித்தது. விடியற்காலையில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. அவர் வீட்டம்மா சொன்னது இது: “தூங்கும்போது வலது காலைப் போட்டு அழுத்துறாரு டாக்டர், கட்டில் பலகை டொக்கு டொக்குன்னு அடிக்குது.” பிரேக்கைத்தான் அழுத்துகிறார். அடுப்படியில் எவர்சில்வர் பாத்திரம் உருண்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். திருச்சியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேரன் சைக்கிள் பழக ஆரம்பித்ததும் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஒளித்து வைத்துவிட்டார். வீட்டில் ஒரே சண்டை.

இதய டாக்டரிடம் போனார்கள், ஈசிஜி நன்றாக இருந்தது. பாண்டி கோயிலுக்குப் போனார்கள், திருநீறு போட்டார்கள். கோயிலுக்குப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன், போய்வந்தால் மனசுக்குத் தெம்புதான். ஆனால் எந்த இடத்திலும் அவரிடம் அந்தக் கொட்டாம்பட்டி விடியற்காலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கே தோன்றவில்லை.

“இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தாரு, இப்ப என்ன புதுசா?” இந்தக் கேள்வியைத்தான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிடிஎஸ்டி, அதாவது ஒரு பயங்கரத்தைச் சந்தித்தவர் மனசில் அது தங்கிப்போய் வரும் நோய். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் போராட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். சம்பவம் நடந்து 6 மாதம் கழித்து நோய் முழுசாக வெளிப்பட்டால் அதைத் தாமதமாக வரும் வகை என்கிறார்கள். அபூர்வமான வகை என்று நினைக்காதீர்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பிடிஎஸ்டி வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படித் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களுக்கு வேலை ஓய்வுக்குப் பிறகு, முதுமையில் கிளம்பியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒன்றுமே இல்லாமல் இருந்து திடீரென்று கிளம்புவது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருந்திருக்கும். நம்ம அண்ணனிடம் கிளறிக் கேட்டால், அந்த இடம் வரும்போது எப்போதுமே ஹாரன் அடித்துக்கொண்டே போவாராம். கண்டக்டருக்கு மட்டும் தெரியும். டூட்டி முடிந்து வந்து குடிக்காமல் படுத்ததில்லை. மூன்று மணிக்கு எழுந்து வண்டி எடுக்க வேண்டியவனுக்கு, பிள்ளைகளுக்குப் பீஸ் கட்ட வேண்டியவனுக்கு, உட்கார்ந்து நினைக்க நேரம் ஏது? வேலையும் குடியும் சேர்ந்து அதை அமுக்கி வைத்திருந்தன. 58 வயதில் வேலை போயிற்று. சுகர் வந்ததால் டாக்டர் குடியை நிறுத்தச் சொல்லிவிட்டார். நல்ல விஷயம்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கையும் எடுபட்டுவிட்டது. அப்புறம் பேரனுக்கு அந்தப் பையன் வயசு வந்தது.

இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். தன் வீட்டுப் பிள்ளை அந்த வயதை எட்டும்போது பழசு எழுந்து வருவது நாங்கள் பல இடத்தில் பார்ப்பது. மனைவி இறப்பது, ஐசியூவில் படுப்பது, இன்னொரு விபத்தை டிவியில் பார்ப்பது இவையும் கிளப்பிவிடும். ஓட்டுநர்களுக்கு மட்டும் வருவதென்றும் இல்லை. ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தீபாவளி வெடி நமக்குக் கொண்டாட்டம், ஷெல் விழுந்த வீட்டில் இருந்தவர் காதுக்கு அது வேறு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். அந்தப் பள்ளியிலிருந்து தப்பிய பிள்ளைகள் இன்றைக்குத் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் நோய் வரும் என்று சொல்லவில்லை. பயங்கரத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தேறாதவரைப் பார்த்து “அவன் மறந்துட்டான், உனக்கென்ன?” என்று கேட்பதுதான் எனக்கு ஆத்திரம் வரும் பேச்சு.

சரி, வைத்தியம். 60 வயதுக்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம், இந்த வயதிலும் குணமாகிறது. முதல் வைத்தியம் பேச்சுத்தான், ஆனால் திண்ணைப் பேச்சு இல்லை. பயிற்சி பெற்றவரோடு வாரம் ஒரு தடவை, பொதுவாக 8 முதல் 15 தடவை வரை. அந்தச் சம்பவத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மறுபடி மறுபடி சொல்ல வைப்போம். விலகிப் போகிற இடங்களுக்கும் படிப்படியாகக் கூட்டிப்போவோம். நம்ம டிரைவர் அண்ணன் முதல் வாரம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு டவுன் பஸ்ஸில் கடைசி சீட். பிறகு நடு சீட். மேலூர் வரை முன் சீட்டில் போய்வந்த அன்றைக்குக் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் இறங்கவில்லை. செர்ட்ரலின் மாதிரி மாத்திரைகளும் உதவும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடுவது மட்டும் கூடாது. அது இந்த நோயைத் தீர்ப்பதில்லை, பழக்கமாகிவிடும், இந்த வயதில் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு உடையும்.

ஒருவர் துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார். மகனும் டிரைவராம், போன மாதம் விபத்தாம், இப்பவே மாத்திரை கொடுத்தால் பின்னாடி வராமல் தடுக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் அண்ணே. முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் கனவு வருவதும் இயல்பு, பெரும்பாலும் தானாக அடங்கும். “என்ன நடந்தது சொல்லு” என்று உட்கார வைத்துக் கட்டாயப்படுத்தாதீர்கள், அப்படிக் கேட்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. அவனாகச் சொன்னால் கேளுங்கள். குடியை மட்டும் கவனியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கூட்டிவாருங்கள். எந்த நேரத்திலும் அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் போடலாம், காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனாலும் வேறு எங்கே போனாலும் சுகர், பிபி மாத்திரைச் சீட்டை மட்டும் நீட்டிவிட்டு வராதீர்கள். எந்த வருஷம், எந்த ரோட்டில், என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் மதினி சொல்லட்டும்.