வெள்ளைப் பணியாரத்துக்கு மறுநாள் கிடையாது

(காரைக்குடியில் உணவகம் நடத்துபவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஆறரை மணிக்கு வைத்திருக்கிறீர்கள். வெளியே பலகாரக் கடைகளில் எண்ணெய் காய்கிற நேரம். நடுவில் யார் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "இங்கே நல்ல செட்டிநாடு ஹோட்டல் எது?" என்று கேட்டார். நான் முழித்தேன். இட்லிக் கடை காட்டலாம், பரோட்டா சால்னா காட்டலாம். செட்டிநாடு என்று போர்டு மாட்டிய கடைக்கு எங்கே போவேன்? பேசாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் அம்மா கையால் சாப்பிட வைத்தேன். சாப்பிட்டுவிட்டும் அவர் விடவில்லை. "எங்க ராயப்பேட்டையில இருக்கு, உங்க ஊர்ல இல்லையா?"

கேட்டது நியாயம்தான். அஞ்சப்பர் ஹோட்டல் சென்னையில் தொடங்கியது 1964-ல். நம் ஊர்ப் பேரை ஊர் ஊராகக் கொண்டுபோனவை அப்படிப்பட்ட கடைகள்தான். பேர் வெளியே போய்விட்டது, பேருக்கு உரிய சோறு இங்கே வீட்டுக்குள் இருந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டினால்தான் அடுப்படி. உறவோ கல்யாணப் பத்திரிகையோ இல்லாதவனுக்கு அந்த வாசனைகூட எட்டாது.

எனக்கு எட்டியது, ஆனால் முகப்பு வழியாக இல்லை. இங்கே பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். என் அப்பா கல்யாணச் சமையலுக்குக் கையாளாகப் போனவர். சின்ன வயதில் அவர் பின்னாலேயே அந்தப் பின்வாசல் வழியாகப் போவேன். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, இடைப்பலகாரம், இரவுக்கு மறுபடி அடுப்பு. அந்த வீடுகளின் தேக்கும் கண்ணாடியும் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்களின் கதையைச் சொல்லும் என்பார்கள். எனக்கு அந்தக் கதையைச் சொன்னது அடுப்படி. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்று அந்த வீட்டுப் பெண்களான ஆச்சிமார் சொல்வார்கள். அன்னாசிப்பூவும் இந்தச் செம்மண்ணில் விளைந்ததில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். 1999-ல் மீனாட்சி மெய்யப்பன் குடும்பத்தார் தங்கள் பழைய பங்களாவை விடுதியாகத் திறந்து, இலை போட்டுப் பரிமாறினார்கள். அப்புறம் கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் தாங்களே மெஸ் வைத்தார்கள். 2024-ல் ஊரும் மாநகராட்சி ஆகிவிட்டது. வரியும் ஏறும், அது வேறு பேச்சு. இன்று அந்த நண்பர் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. செட்டிநாடு என்றால் சிவப்பு, செட்டிநாடு என்றால் நாக்கு எரிய வேண்டும் என்று வெளியூரில் ஆக்கிவிட்டார்கள். அதை நாமும் நம்பிக் கலர் பொடி வாங்குகிறோம். உப்புக்கறியில் என்ன இருக்கிறது? சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய். அவ்வளவுதான். மசாலாவில் போடுகிற கல்பாசியைக் கையில் எடுத்து மோந்தால் காய்ந்த மரப்பட்டை மாதிரி இருக்கும், காய்ந்த எண்ணெயில் விழுந்தால்தான் வாய் திறக்கும். கைக்குக் கை அள்ளிப் போட்டால் குழம்பே கசக்கும். வெண்டைக்காய் மண்டி எத்தனை மெனு கார்டில் இருக்கிறது? அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கொட்ட மனம் வராத வறண்ட சீமையின் குழம்பு அது. எந்தக் கோழி வறுவலையும்விட அதுதான் நம் ஊர் என்பேன்.

ஒரு கடை தேறுமா என்று பார்க்க நான் வெள்ளைப் பணியாரம் கேட்பேன். ஒரு உழக்கு பச்சரிசி, அதன் தலைமேல் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து. இரண்டு மணி நேரம் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகை சீனி. புளிக்க விடக்கூடாது. மாவு காத்திருந்தால் எண்ணெய் குடிக்கும், நிறமும் போகும். சட்டியில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, அது தானே எழும்பி வந்ததும் திருப்பி, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கடையில் இது நஷ்டக் கணக்கு. அதனால்தான் பாதி இடங்களில் "காலையிலயே தீர்ந்துருச்சுங்க" என்கிறார்கள். சுட்டிருந்தால்தானே தீரும்!

போன வாரம் ஒரு தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துச் சுடுகிற அம்மாவிடம், வீட்டுக்குப் பத்துப் பணியாரம் பார்சல் கேட்டேன். சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பார்சல் கட்ட மாட்டேண்ணே. ஆறிப் போச்சுன்னா உங்க வீட்ல என் பேரத்தான் சொல்லுவாக. அண்ணியக் கூட்டிக்கிட்டு வாங்க, மிளகாத் தொவையல் இருக்கு."

மறுநாள் ரெண்டு பேரும் போய் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.