கையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

(மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என்ன தலைப்பு என்று அமைப்பாளர் கேட்டார். "கை" என்றேன். "டீச்சர், இது கட்சிக் கூட்டம் இல்லையே" என்றார்.

நம்மைப் பார்க்க வருகிறவர்கள் விசாரிப்பது இரண்டைத்தான். முடி நன்றாக வளர்ந்துவிட்டதா, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாரா. மார்பைப் பற்றிக் கேட்க வாய் வராது, பார்வை மட்டும் ஒரு நொடி இறங்கி ஏறும். கையை யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வாங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நாம் குடித்தனம் நடத்துவது இந்தக் கையை வைத்துத்தான். குக்கரை இறக்க வேண்டும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வேண்டும், பேத்திக்குத் தலை பின்ன வேண்டும். பின்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மார்பில் வந்த நோய் பரவினால், பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் அக்குளிலும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் மார்போடு அதன் அடித்தசைகளையும் அக்குளில் இருந்த அத்தனையையும் சேர்த்து எடுத்தார். பல பத்தாண்டுகளுக்கு உலகமே அந்த வழியில் போனது. பிழைத்த பெண்களுக்குக் கை தூக்க வராது, வீங்கிக் கனக்கும். அத்தனை வெட்டியும் ஆயுள் கூடவில்லை என்பதை 1971இல் பெர்னார்ட் ஃபிஷர் தொடங்கிய ஆய்வு காட்டியது. இன்று தசையை விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், நோய் முதலில் போய்ச் சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்து மற்றவற்றையும் விட்டுவிடலாம். ஆனால் நம் பக்கத்தில் கட்டியை மூடி வைத்து, கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் அக்குளைச் சுத்தம் செய்த, அதாவது அங்கிருந்த கணுக்களை எடுத்துவிட்ட, கைகள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கும்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள், தேங்கும் நீரை வடிக்க வைத்த டிரெயின் குழாயோடு போகும். 24 மணி நேரத்தில் வடிவது 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அதுவரை கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம். விரல்களை மடக்கி நீட்டுங்கள், முழங்கையை மடக்குங்கள், தலை சீவுங்கள். குழாய் போன பிறகு டாக்டர் சரி என்றதும் சுவர்ப் பயிற்சி. நான் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, அங்கே பென்சிலால் ஒரு கோடும் தேதியும். அடுத்த வாரக் கோடு இரண்டு விரற்கடை மேலே இருக்கும். சில வாரம் அதே இடத்தில் நிற்கும், ஒரு வாரம் இறங்கவும் இறங்கும். பெயிண்ட் அடிக்க வந்தவர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்று, சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியதுபோல் சிலருக்குத் தோன்றும். நோய் திரும்பிவிட்டது என்று அழுதுகொண்டு ஓடுவார்கள். அது நோய் இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு வருவது, பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகும். இரண்டு, மேற்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கும். உணர்ச்சி நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. தோசைக்கல் சுட்டது தெரியாது, கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

இனி வீக்கம். அக்குளை முழுதாகச் சுத்தம் செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்தில், சிலருக்குப் பல வருடம் கழித்தும். நிணநீர் போகிற வழி குறுகிவிட்டதால் கையிலேயே தேங்குகிறது. யானைக்கால் என்று தெருவில் பேசுவார்கள். நம் வீக்கம் அது இல்லை. யானைக்கால் கொசு மூலம் வரும் புழு நிணநீர்க் குழாயைக் கெடுப்பதால் வருவது, ஒட்டிக்கொள்ளுமோ என்று யாரும் நம்மிடமிருந்து நகர்ந்து உட்கார வேண்டியதில்லை. வளையல் இறுகும், மோதிரம் கழலாது, ஒரு பக்க ஜாக்கெட் கை மட்டும் பிடிக்கும். அப்போதே போனால் ஸ்லீவ் என்கிற கையை இறுக்கிப் பிடிக்கும் உறை, கட்டு, மென்மையான நீவல் என்று அடக்கிவைக்க முடியும். எண்ணெயைக் காய்ச்சிப் போட்டு அழுத்தி உருவாதீர்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சித்திரை வெயிலில் ஸ்லீவ் போடுவது கொடுமை, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது பின்வரிசைக்கு வருகிறேன். "நீ எதையும் தூக்காதே, உட்கார்" என்று சொல்கிறீர்களே, பாசத்தில்தான் சொல்கிறீர்கள். டாக்டர்களும் ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் நம்மைப் போன்ற 24 பெண்களை, பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். கை வீங்கிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள், ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் வாரம் இரண்டு முறை பளு தூக்கினார்கள். அவர்களில் வீக்கம் மோசமானது 14 சதவீதம் பேருக்கு, தூக்காதவர்களில் 29 சதவீதம். பி.டி. டீச்சராக வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் நான் கத்தியதுதான் இது, படிப்படியாக ஏற்று என்று. அந்தப் பெண்களும் மிகக் குறைந்த எடையில், ஸ்லீவ் போட்டு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கத்தான் தொடங்கினார்கள். நாளைக்கே போய் அரிசி மூட்டையைத் தூக்கிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள்.

உட்கார வைத்தால் தோள் இறுகும், உடம்பு எடை ஏறும், எடை ஏறினால் வீக்கத்துக்கும் வாய்ப்பு ஏறும். அதைவிட, அடுப்படியிலிருந்து விலக்கப்பட்ட பெண் நாள் முழுக்க என்ன செய்வாள்? நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பயம் எனக்கும் உண்டு. செக்கப்புக்கு முந்தின வாரம் வீட்டில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று தோன்றும். நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை போடுகிறவர்களுக்கு மூட்டு வலிப்பது சகஜம் என்று தெரிந்தும் தோன்றும். அதற்காக வருடா வருடம் உடம்பு முழுக்க நோயைத் தேடும் பெட் ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்று பிள்ளைகள் பணத்தோடு நிற்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அது தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். நேரில் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஐந்து வருடமோ பத்து வருடமோ டாக்டர் சொன்ன வரை மாத்திரை. இது மூன்றையும் தவறவிடாமல் இருப்பதுதான் கஷ்டம். பாதியில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்குக் கடன் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன், எரிச்சலாக வருகிறது.

பேசியது போதும். அந்த மேசையில் தையல் டேப்கள் இருக்கின்றன. மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே, இரண்டு கையிலும் ஒரே இடங்களில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்த செக்கப்பில் காட்டுங்கள். மாதம் ஒருமுறை, அதே டேப். தனியாக அளந்தால் டேப் நழுவும், இன்னொரு ஆள் வேண்டும். அதனால் பின்வரிசைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்ப வேண்டாம். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.