சக்கை தின்ற எஞ்சின்கள்

(ஊர் நூலகத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கரும்பு ஏற்றிக்கொண்டு சாலையில் வருவதை நாம் லாரி என்கிறோம். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்காரர்களிடமும் ‘லோரி’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு லோரி என்றால் தண்டவாளத்தில் ஓடும் கரும்பு வண்டி. நம்முடைய லாரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ட்ரக்’. இன்று நான் சொல்ல வந்த கதை இதுதான்: நம்முடைய லாரி போய் அவர்களுடைய லோரியை ஒழித்துவிட்டது. லோரியை இழுத்த நீராவி எஞ்சின்களும் கூடவே போய்விட்டன.

நீராவி எஞ்சின் ஏன் ஒழிந்தது என்று யாரைக் கேட்டாலும், டீசல் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பெரிய ரயில்வேக்களுக்கு அது சரி. ஜாவாவின் சர்க்கரை ஆலைகளுக்கு அந்தப் பதில் ஒத்துவராது. பழைய தமிழில் சாவகம் என்றோமே, அந்தத் தீவில், உலகம் முழுக்க நீராவியைக் கைவிட்ட பிறகும் நூறு வயதை நெருங்கிய எஞ்சின்கள் பருவம் தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பழம்பெருமைக்காக யாரும் அவற்றை ஓட்டவில்லை. எரிபொருள் சும்மா கிடைத்தது, அதனால் ஓட்டினார்கள்.

முதலில் அங்கே ரயில் எதற்கு வந்தது என்று பார்ப்போம். வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒரு நாள் வெயிலில் கிடந்தாலே சர்க்கரை குறையத் தொடங்கிவிடும். அறுவடையானதை உடனே ஆலைக்குக் கொண்டுபோயாக வேண்டும். ஆனால் ஜாவாவில் நிரந்தரக் கரும்புத் தோட்டம் என்று பெரிதாகக் கிடையாது. ஜாவாவை அப்போது ஆண்ட டச்சு அரசு 1830 முதல் கிராமத்தார்மீது கட்டாயச் சாகுபடியைத் திணித்தது. 1870-க்குப் பிறகு ஆலைகள் கிராம நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தன. இரண்டு காலத்திலும் கரும்பு விளைந்தது நெல் வயலில்தான். ஒரு முறை கரும்பு போட்டால் அடுத்து நெல்லுக்கு விட வேண்டும். இந்த வருடம் கரும்பு நிற்கும் இடத்தில் அடுத்த வருடம் நாற்று நிற்கும். அப்படிப்பட்ட நிலத்தில் நிரந்தரமாகத் தண்டவாளம் போட முடியுமா?

இதற்கு விடை பிரான்சிலிருந்து வந்தது. பாரிஸுக்கு அருகே பண்ணை வைத்திருந்த டெக்கோவில் என்பவர், 1875-இல் சேற்று வயலிலிருந்து விளைச்சலை வெளியே கொண்டுவர முடியாமல் தவித்தபோது ஒரு வழி கண்டுபிடித்தார். குறுக்குக் கட்டைகளோடு முன்பே பூட்டிய சின்னச் சின்னத் தண்டவாளத் துண்டுகள். ஏணி மாதிரி தூக்கிக்கொண்டு போய்ப் போடலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அவர் விளைவித்தது சர்க்கரைக் கிழங்கு. கரும்புக்குப் பரம எதிரியான பீட் கிழங்கின் வயலில் பிறந்த தண்டவாளம், கரும்பைச் சுமக்கக் கடல் தாண்டிப் போனது!

ஆக ஜாவாவில் ஏற்பாடு இப்படி. ஆலையிலிருந்து நிரந்தரப் பாதை. அதிலிருந்து வயலுக்குள் இந்த ஏணித் தண்டவாளம். வயலுக்குள் எருமையோ மாடோ லோரியை இழுக்கும். நிரந்தரப் பாதைக்கு வந்ததும் எஞ்சின் பொறுப்பேற்கும். பாதையின் அகலம் பெரும்பாலும் 700 மில்லிமீட்டர். நம் அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதிகூட இல்லை.

எஞ்சின்களில் பெரும்பகுதி பெர்லினைச் சேர்ந்த ஓரன்ஸ்டைன் அண்ட் கொப்பல் கம்பெனியுடையவை. 1876-இல் அதைத் தொடங்கிய இருவரும் யூதர்கள். நாஜிகள் ஆட்சியில் கம்பெனியைப் பறித்து, அந்தப் பெயர்களே இல்லாமல் மாற்றிவிட்டார்கள். ஜெர்மனியில் அழித்த பெயர் ஜாவாவின் கரும்புக் காட்டுக்குள், புகை படிந்த பித்தளைத் தகட்டில், தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சரி, எரிபொருளுக்கு வருவோம். நூறு கிலோ கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய முப்பது கிலோ சக்கை வரும். ஆலைக் கொதிகலனுக்குப் போக மிஞ்சியதைக் கட்டுக்கட்டாக இறுக்கிக் கட்டி எஞ்சினில் அடுக்கிவிடுவார்கள். கரும்பை இழுத்து வரும் எஞ்சின் அந்தக் கரும்பின் சக்கையையே தின்று ஓடும். கேட்க அழகாக இருக்கிறது. தீ போடுகிறவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். சக்கை குபீரென்று பிடிக்கும், பிடித்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஈரம் இருந்தால் புகைதான் மிச்சம். கட்டுகளைப் பிரித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிர்ந்து முதுகை நீட்ட நேரம் கிடையாது. பொறி பறந்து கரும்பிலேயே விழுந்துவிடக் கூடாது என்று பல எஞ்சின்களின் புகைபோக்கித் தலையில் குடம் மாதிரி ஒரு பொறிதடுப்பு. ஏற்றம் வந்தால் அழுத்தம் விழுந்துவிடும். வண்டியை நிறுத்தி, நீராவி கூடும்வரை பீடி பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

தீயே இல்லாத எஞ்சின்களும் இருந்தன. கிழக்கு ஜாவாவின் செம்போரோ ஆலை முற்றத்தில் ஓடியவை அப்படிப்பட்டவை. அடுப்பு கிடையாது, வெறும் உருளைத் தொட்டி. பாதிக்கு மேல் கொதிநீர். ஆலைக் கொதிகலனிலிருந்து குழாய் மாட்டி நீராவியை ஏற்றிக்கொள்ளும். ஓட ஓட அழுத்தம் குறையும். குறையக் குறைய உள்ளே இருக்கும் சூடான நீர் தானே கொதித்து மறுபடி நீராவி கொடுக்கும். தீர்ந்துபோனால் திரும்ப வந்து குழாயில் வாய் வைக்கும். செல்போன் சார்ஜ் மாதிரிதான். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த எஞ்சின் இதுதான்.

1930 வாக்கில் ஜாவாவில் சுமார் 180 ஆலைகள். உலகப் பொருளாதார மந்தத்தில் சர்க்கரை விலை விழுந்தது, பல மூடின. அப்புறம் ஜப்பானியர் ஆக்கிரமிப்பு, அப்புறம் விடுதலைப் போர். 1957 இறுதியில் டச்சுக் கம்பெனிகளை இந்தோனேசியா கையகப்படுத்தியது. புது எஞ்சின் வாங்கப் பணமில்லை, பழசுக்கு எரிபொருள் செலவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

திருப்பம் 1975-இல் வந்தது. இனி ஆலைகள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது, உழவரே கரும்பு போட்டு ஆலைக்குத் தரட்டும் என்று அதிபர் உத்தரவு போட்டார். காகிதத்தில் உழவர் முதலாளி ஆனார். நடப்பில் அதிகாரிகள் இலக்கு வைத்துக் கரும்பு போடச் சொன்னார்கள், அது வேறு கதை. ரயிலுக்கு மட்டும் இது மரண அடி. ஒரே தொகுப்பாகக் கிடந்த ஆலைக் கரும்பு, சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் தண்டவாளம் போட முடியாது. லாரி வரப்பு ஓரம்வரை வந்து நிற்கும். இன்னொன்று, ரயில் மெதுவாகப் போகும்; பையன்கள் கூடவே ஓடிக் கரும்பை உருவுவார்கள். நாம் யாரும் டிராக்டருக்குப் பின்னால் ஓடாதவர்கள் இல்லையே!

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கதை தலைகீழ். அங்கே நீராவியை 1950, 60-களிலேயே பெரும்பாலும் ஓரங்கட்டி டீசல் போட்டார்கள். ஆனால் கரும்பு ரயில் இன்றும் ஓடுகிறது, சுமார் 4,000 கிலோமீட்டர். ஜாவாவில் நீராவி தாக்குப்பிடித்தது, அதன் காலடியில் பாதை மறைந்தது. கியூபாவில் இன்னொரு விதம். அமெரிக்க வணிகத் தடையால், பால்ட்வின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய எஞ்சின்கள் பிழைத்துக் கிடந்தன. 2002-இல் 156 ஆலைகளில் கிட்டத்தட்ட பாதியை ஒரேயடியாக மூட முடிவெடுத்தபோது அவற்றின் வேலையும் முடிந்தது.

மத்திய ஜாவாவில் நான்காம் மங்குநெகரா என்ற சிற்றரசர் இரண்டு ஆலைகள் கட்டினார். 1861-இல் சோலோமடு, 1871-இல் தாசிக்மடு. ‘மடு’ நம் காதில் புதிதல்ல, மது, தேன். சோலோமடு தேன்மலை, தாசிக்மடு தேன்கடல். தேன்கடலில் பழைய எஞ்சின் ஆலை வளாகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வட்டமடித்தது. தேன்மலை 1990-களின் இறுதியில் மூடியது. 2018-இல் அதை அருங்காட்சியகமாகவும் இசைக் கச்சேரி அரங்கமாகவும் திறந்தார்கள். ஆளுயரப் பல்சக்கரங்களைத் துடைத்து, விளக்குப் போட்டு, அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். சக்கை வாசனை மட்டும் இல்லை.