எதிரியின் துப்பாக்கியைக் கவனித்துச் சொன்ன தளபதி

வணக்கம் நண்பர்களே. ஒற்றைக் காலுடன் மரத்தில் சாய்ந்து நிற்கிறார் ஒரு தளபதி. அவருக்கு எதிரே 12 தப்படி தொலைவில் கிட்டப்பார்வை உள்ள முன்னாள் மதராஸ் ஆளுநர். இருவர் கையிலும் கைத்துப்பாக்கி. நகைச்சுவைக் காட்சி போலத் தோன்றினாலும், 1786 ஜூன் மாதம் ஓர் அதிகாலையில் லண்டனின் கென்சிங்டன் அருகே இது உண்மையாகவே நடந்தது.

டூயல் எனப்படும் இச்சண்டையைத் தமிழில் துவந்த யுத்தம் என்கிறோம். நேரம், இடம், தொலைவு, ஆயுதம் ஆகியவற்றை முன்னரே பேசி முடித்து, தலா ஒரு துணைவரைச் சாட்சியாக நிறுத்தி, அவமதிக்கப்பட்டவர் அவமதித்தவரிடம் ‘திருப்தி’ கேட்கும் சண்டை இது. விருந்து முடிந்து இலையை மூடும்போது நாம் சொல்லும் திருப்தி அன்று. குண்டுக்கு முன் அஞ்சாமல் நின்றுவிட்டால் மானம் மீண்டுவிடும் என்பதே அதன் பொருள், ஆகவே வென்றவர் யார் என்பது இரண்டாம் பட்சம்தான். வழக்கைச் சண்டையிட்டே தீர்த்துக்கொண்ட இடைக்கால ஐரோப்பாவின் நீதிமன்றச் சண்டைகளில் வேர்கொண்டு, வாளிலிருந்து துப்பாக்கிக்கு மாறிய இவ்வழக்கத்துக்கு 1777இல் அயர்லாந்தின் குளோன்மெல் நகரில் விதிமுறைகளே வகுக்கப்பட்டன. வரலாறு இவ்வளவு போதும், மரத்தடிக்குத் திரும்புவோம்.

தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 1781இல் காஞ்சிபுரத்துக்கு அருகே ஹைதர் அலியின் படையுடன் நடந்த பொள்ளிலூர்ப் போரில் பீரங்கிக் குண்டுக்குக் காலைப் பறிகொடுத்தவர். 1783ஆம் ஆண்டு கடலூர் முற்றுகையோடு அவருக்கும் ஆளுநர் மெக்கார்ட்னி பிரபுவுக்கும் இருந்த பிணக்கு முற்றியது. ஆளுநர் அவரைப் பதவி நீக்கி, கைதுசெய்து, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார். அந்த அவமானத்தை ஆறவிடாமல் வைத்திருந்த ஸ்டூவர்ட், மெக்கார்ட்னி ஊர் திரும்பியதும் சவால் விட்டார். மெக்கார்ட்னிக்கும் இது புதிதன்று. 1784இல் மதராஸிலேயே தம் ஆலோசனைக் குழு உறுப்பினர் சாட்லியருடன் மோதிக் காயம்பட்டவர் அவர்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கிட்டப்பார்வைக்காரரான உங்களுக்கு நான் தெரிவேனா என்று ஸ்டூவர்ட் ஐயப்பட, நன்றாகவே தெரிகிறது என்றார் மெக்கார்ட்னி. குறி பார்க்கும் வேளையில், எதிரியின் துப்பாக்கிக் குதிரை (சுடும் முன் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டிய சுத்தி) இன்னும் இழுக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டியவரும் ஸ்டூவர்ட்தான்! மெக்கார்ட்னி நன்றி கூறிவிட்டுக் குதிரையை இழுத்துக்கொண்டார். தம்மைச் சுடவிருப்பவருக்கே இப்படி எடுத்துக்கொடுக்கும் மரியாதையை என்னவென்பது? சுட்டதில் மெக்கார்ட்னி காயமடைந்தார். ஸ்டூவர்ட்டோ, இது திருப்தியாகாது, இன்னொரு முறை சுட இயலுமா என்று கேட்டார். குருதி வழிய நின்றவரும் முயல்கிறேன் என்று இசைந்தார். துணைவர்கள்தாம் குறுக்கிட்டுத் தடுத்தனர்.

1844இல் பிரிட்டிஷ் ராணுவ விதிகள் கடுமையாக்கப்பட்ட பின், அந்நாட்டில் இவ்வழக்கம் விரைவில் மறைந்தது. ஸ்டூவர்ட்டின் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால், அந்தக் குதிரையைப் பற்றி வாய் திறந்திருப்பீர்களா? கருத்துப் பகுதியில் உண்மையை எழுதுங்கள்.