முதல் கவளம் எப்போது?

நேயர்களுக்கு வணக்கம். சிறுமலையிலும் சாப்டூர் மலையடிவாரத்திலும் வாழும் பளியர் பழங்குடிப் பெண்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்று சொன்னால், கிழங்கு தோண்டித் தேனெடுத்து வாழ்கிறவர்களுக்கா என்று மதுரையில் பலர் வியக்கிறார்கள். அந்த வாழ்க்கை பெரிதும் மாறிவிட்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி பசியைத் தீர்த்தது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வள்ளிக்கிழங்கும் கீரையும் இருந்த இடத்தில் இன்று வேளைக்கு வேளை சோறுதான் இருக்கிறது.

சிறுமலையில் காப்பித் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகும் ஒரு தாயை நெடுநாளாக அறிவேன். விடியற்காலையில் கடுங்காப்பியோடு சர்க்கரை மாத்திரையையும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார். வீட்டில் எல்லோரும் உண்டது போக மிஞ்சியதைத் தூக்குவாளியில் கொண்டுபோய்ப் பதினொரு மணிக்குத்தான் உண்பார். அவருக்குத் தரப்பட்டதோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை மாத்திரை. வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். இதுதான் தாழ்சர்க்கரை. ஒருநாள் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். நாத்தனார் தேனைக் கொண்டுவந்து நீட்டினால், "சர்க்கரைக்காரி தேனைத் தொடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க" என்று வாயை இறுக மூடிக்கொண்டார். தேனெடுக்கும் குலத்தில் பிறந்தவர், உயிர்காக்கும் நேரத்தில் தேனுக்கு அஞ்சினார். வற்புறுத்திப் புகட்டிய பிறகு, கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். "ஒழுங்காக மருந்து உண்பதில்லை" என்று அவருடைய சீட்டில் எழுதப்பட்டது. மாத்திரை போட்டால் மயக்கம் வருகிறது என்று தம் உடம்பிலேயே கண்டவர் வேறு என்ன செய்வார்? மருந்து எழுதுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: முதல் கவளம் எத்தனை மணிக்கு என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு மாத்திரையின் வேளையைச் சொல்லுங்கள். தாழ்சர்க்கரையில், நினைவு இருக்கும்போதே, தேனோ சர்க்கரையோ உடனே தரவேண்டும் என்பதையும் அவருக்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பகலில் வந்தால் அவர் தோட்டத்தில் இருப்பார். அங்கும் அவருடைய நேரத்தைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

பாதங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. ஆகவே இரவில் பாதங்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படுக்கவேண்டும், வீட்டில் ஒருவர் பார்த்துச் சொன்னாலும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும். வணக்கம்.